இரண்டாவது வாளி

“மூணு தடவை துடைச்சிட்டேன். இன்னும் வெள்ளை வெள்ளையா திட்டு தெரியுது. என்ன தரை இது, அஞ்சலை?”

சங்கக் கட்டிடத்தின் கூடத்தில் மருதப்பன் துடைப்பானோடு நின்றார். முப்பது வருடம் ஆலைத் தொழிலாளிகளுக்காக மேடையில் முழங்கியவர். இப்போது பின்னறையில் தனியாகப் படுத்துக்கொள்கிறார்.

அஞ்சலை அவரைவிட இருபது வயது இளையவள். கூட்டம் முடிந்ததும் கூடத்தைத் துடைப்பவள். எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அவள் பெயர் வந்ததில்லை.

இன்று அவளைத் தடுத்து அவரே துடைத்தார். மகள் எழிலரசி ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறாள். கூப்பிட்டால் இங்கே வரலாம். வராமலும் போகலாம். வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் வேலைக்குப் போனாள் என்று மேடையில் பெயர் சொல்லி அவளைத் திட்டியவர் அவர். அதன்பின் பதினோரு வருடம் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“சோப்பு எவ்வளவு ஊத்துனீங்க, தோழர்?”

“முதல்ல ஒரு மூடி. திட்டு தெரிஞ்சுது. அப்புறம் ரெண்டு. அப்புறம் நாலு.”

“மைக் சத்தத்தை ஏத்துற மாதிரி.”

அவள் குனிந்து தரையில் விரலை இழுத்து அவரிடம் நீட்டினாள்.

“மோந்து பாருங்க.”

“எலுமிச்சை வாசனை.”

“அழுக்கு முதல் தடவையே போயிடுச்சு. இது நீங்க ஊத்துனது.”

அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்.

இன்னொரு வாளி கொண்டுவந்தாள். துணியை முக்கி, சொட்டு விழாமல் பிழிந்து துடைத்தாள். உடனே காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

“தானா காயட்டும்னு விட்டா புள்ளி விழும், தோழர். பழசாச்சுன்னா போகாது.”

ஒரு பாய் அகலத்துக்குத் தரை பளிச்சென்றது. சன்னல் அதில் தெரிந்தது.

“இந்த வாளியில என்ன கலந்தே?”

“ஒண்ணுமில்ல. வெறும் தண்ணி.”

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொண்ணுக்குக் கடுதாசி எழுதுனீங்களே, குடுங்க. கல்யாண வீடு நான் போற வழியிலதான்.”

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஒன்பது பக்கம். வேலைநிறுத்தம் ஏன் நியாயம் என்பது நாலு பக்கம். அவள் செய்தது ஏன் தவறு என்பது நாலு பக்கம். தான் அன்று ஏன் அப்படிப் பேச வேண்டியிருந்தது என்பது ஒரு பக்கம்.

நின்றபடியே முழுதும் படித்தார். மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

“வெறும் தாள் இருக்கா?”

பழைய நோட்டீஸ் ஒன்றைப் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தாள். பேனா நெடுநேரம் அசையவில்லை. பிறகு எழுதினார்.

‘வாம்மா.’

அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

“மை காயட்டும், தோழர்.”

“வேணாம். இப்பவே கொண்டு போ.”