சட்டையைக் கழற்றிய புள்ளி

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பேசும். உயிரணு பேசும், உப்பு பேசும், விஷமும் பேசும். இப்போது பேசாததற்குக் காரணம் அலுப்பு. வேறொன்றுமில்லை.

ஆபத்சகாயம் என்ற ரசாயனக்காரர் கொதிக்கிற எண்ணெயில் ஒளிரும் புள்ளிகளை வேகவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தூசியைப் பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு புள்ளி. சீக்கிரம் எடுத்தால் சிறுத்து நீலமாக இருக்கும். வேகவிட்டால் பெருத்துச் சிவக்கும். அப்படிச் சிவந்தவன் செவலை. அவன் உடம்பில் இருந்தது காட்மியம், விஷம். கசியாதவரை வெளிச்சம். கசிந்தால் சாவு.

அப்போது ஈரலில் வடிவாம்பாள் என்றொரு உயிரணு இருந்தாள். உடம்புக்காரன் குடித்தது, தின்றது, விழுங்கிய மாத்திரை எல்லாவற்றின் விஷத்தையும் கழுவுகிற வேலை. ஓய்வே கிடையாது. அவளுக்குள் எங்கோ ஏதோ அடைத்துக்கொண்டது. எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள். எங்கே என்று பார்க்க வெளிச்சமில்லை. ஒளிரும் சாயங்கள் வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப்போயின.

“வெளுக்காத வெளிச்சமா ஒண்ணை அனுப்பச் சொல்லுங்க” என்று ஆபத்சகாயத்துக்குச் சொல்லியனுப்பினாள்.

அவர் செவலையை அனுப்பினார். எண்ணெயில் பிறந்தவன் உடம்புத் தண்ணீரில் நிற்பானா? கூடப்பிறந்தவர்களைக் கட்டிக்கொண்டு, கட்டியாகி, அடியில் உட்கார்ந்துவிட்டான். நேர் மின்னூட்டம் கொண்ட சட்டை ஒன்றைப் போட்டு மறுபடி அனுப்பினார். வடிவாம்பாளின் வாசல் எதிர் மின்னூட்டம். போய் அப்படியே ஒட்டிக்கொண்டான்.

“வாசலையே கிழிக்கிறானே, பாவி!” என்று பிய்த்து எறிந்தாள்.

கடைசியில் தண்ணீரோடு ஒத்துப்போகிற, யார்மேலும் ஒட்டாத சட்டை ஒன்றை ஆபத்சகாயம் பின்னிப் போட்டுவிட்டார்.

“டேய், இதைக் கழட்டாதே.”

“சரிங்கய்யா.”

“என்ன சரி? யார் சொன்னாலும் கழட்டாதே.”

போனான்.

உயிரணு வீட்டில் ஒரு வழக்கம். வருகிறவர்களை வாசலிலேயே ஒரு பையில் சுற்றி, புளித்த தண்ணீர் ஊற்றி, மேல்சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு பையைத் திறந்து உள்ளே விடுவார்கள்.

“மறுபடியும் நீயா?” என்று அவனையும் பையில் சுற்றித் தண்ணீரை ஊற்றினாள் வடிவாம்பாள்.

“இப்ப ஒட்டமாட்டேன் அக்கா.”

“சட்டையைக் கழட்டு.”

“ஐயா கூடாதுன்னார்.”

“நீ உங்க ஐயா வீட்டுக்கா வந்திருக்கே? எவ்வளவு பெரிய புரதமெல்லாம் கழட்டிட்டுத்தான் உள்ளே போகுது. நீ என்ன, கலெக்டரா? சீக்கிரம் தம்பி. எனக்கு நிக்க முடியல.”

புளித்த தண்ணீர் ஏற்கெனவே தையலைத் தின்றிருந்தது. சட்டை தொளதொளத்துக் கிடந்தது. இன்னொரு தடவை திரும்பிப் போக அவனுக்கும் தெம்பில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

“சரி அக்கா” என்று கழற்றிவிட்டான்.

பை திறந்தது. வீடெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

“அட, இங்கேயா கிடக்கு!” மூலையில் இருந்த அடைப்பைப் பார்த்து வடிவாம்பாள் சிரித்தேவிட்டாள். எடுக்கக் கை நீட்டினாள்.

வெளிச்சம் நடுங்கியது. சட்டையில்லாத உடம்பைத் தண்ணீரும் காற்றும் அரிக்கத் தொடங்கியிருந்தன. காட்மியம் கசிந்தது.

“அக்கா, கிட்ட வராதே. என்னை வெளியே தள்ளு!”

“என்னடா இது, வாயெல்லாம் கசக்குது.”

எல்லார் விஷத்தையும் கழுவியவளுக்கு இதைக் கழுவ வரவில்லை. அடைப்புக்கு அருகிலேயே உட்கார்ந்தாள்.

“இடத்தைப் பார்த்துட்டேன். கொஞ்சம் உட்கார்ந்துட்டு எடுக்கறேன்” என்றாள்.

எழுந்திருக்கவில்லை.

செவலை மங்கிப்போய்த் திரும்பினான்.

“கழட்டினியா?”

“வீட்டு வழக்கம்னாங்கய்யா. மரியாதைக்குக் கழட்டினேன்.”

ஆபத்சகாயம் திட்டவில்லை. அடுப்பை மூட்டினார். துத்தநாகத்தையும் கந்தகத்தையும் காய்ச்சி, அவன் உடம்போடு உடம்பாக ஓர் ஓடு வளர்த்தார். அதன்மேல்தான் சட்டை. அதையும் சும்மா மாட்டவில்லை, ஓட்டோடு இறுக்கிப் பிணைத்தார்.

“இனிமே உன் மரியாதையை நம்பி எவளும் சாக வேண்டாம்” என்றார்.

பக்கத்து உயிரணுக்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அன்று முதல்தான் புள்ளிகள் உயிரணுவின் வாசலுக்கு ஓட்டோடும் சட்டையோடும் போகின்றன. உயிரணுக்களும் வாங்கிப் பையில் சுற்றி வைத்துக்கொள்கின்றன. பையை மட்டும் லேசில் திறப்பதில்லை. புள்ளி பைக்குள்ளேயே எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.