முந்தி எழுதிய அத்தியாயம்

தூத்துக்குடியில் மங்கையர்க்கரசி என்றொருத்தி கதை எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் நாலைந்து பேருக்கு எழுதவும் சொல்லிக்கொடுத்தாள். அவர்களில் சேவியர் அவளைவிட இருபது வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

சேவியரின் மனைவி ரெஜினாவுக்குப் புற்றுநோய் வந்தது. கையிருப்பு சீக்கிரமே கரைந்துபோனது. அப்போது மங்கைதான் ஓர் இணையதளத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே எழுத்துக்கு விலை வைப்பதில்லை. படித்தவர்கள் பிடித்திருந்தால் டோக்கன் போடுவார்கள். மாதக் கடைசியில் அது பணமாக மாறி எழுதியவரின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அவருக்கு அதில் பதிவு செய்துகொடுத்ததும் அவள்தான்.

சேவியர் ரெஜினாவைப் பற்றியே எழுதினார். அவளுக்கு முடி கொட்டியதை எழுதினார். தலையணை உறையை அவள் பார்ப்பதற்குள் மாற்றியதை எழுதினார். முகம் தெரியாதவர்கள் அழுதுகொண்டே டோக்கன் போட்டார்கள். மாத்திரையும் ஊசியும் அந்தப் பணத்தில்தான் வந்தன.

அப்புறம் கட்டி சுருங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். அதையும் சேவியர் சந்தோஷமாக எழுதினார். எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். டோக்கன் யாரும் போடவில்லை. அடுத்து எழுதியதற்கும் போடவில்லை. ஊசி மட்டும் இன்னும் பாக்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, சேவியர் தன் கைபேசியை மங்கையிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லணும், டீச்சர்."

அவள் படித்தாள். அதில் ரெஜினா இறந்துபோயிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. சேவியர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துபோவதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

மங்கை திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அவர் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. அவளால் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியவில்லை. அதை அவரிடம் சொன்னாள்.

சேவியரின் முகம் மலர்ந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் தனக்கு இல்லை என்றார். இந்த மாத ஊசிக்கு வேறு வழியும் இல்லை என்றார். ரெஜினா பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதியதாகவும் சொன்னார்.

"என்னைக்காவது ஒருநாள் நடக்கத்தானே போகுது. கொஞ்சம் முந்தி எழுதிட்டேன். அவ்வளவுதான்."

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"போடலாமா, டீச்சர்?"

"எப்ப எழுதினீங்க, அண்ணாச்சி?"

"நேத்துதான். வெளி அறையில கதவைச் சாத்திக்கிட்டு காலையில உட்கார்ந்தேன். எழுந்திரிக்கும்போது இருட்டியிருச்சு. இப்படி ஒரு நாளும் எழுத வந்ததில்லை."

"அக்கா வீட்டுலதான் இருந்தாவளா?"

"உள்ளதான் படுத்திருந்தா."

மங்கை கைபேசியை அவரிடம் திருப்பி நீட்டினாள்.

"நேத்து அக்கா என்ன சாப்பிட்டாவ?"

சேவியர் வாயைத் திறந்தார். யோசித்தார். அப்புறம் கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.