ஒரே உயரத்தில் கூடுகள்

ஒரு மனையைப் பார்க்கப் போனால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

மண்ணைத்தானே? அப்புறம் கிழக்கு எது, கிணறு எந்த மூலையில் வரும், வாசலுக்கு நேரே மரம் கிரம் நிற்கிறதா என்று. ராக்கியண்ணனும் அப்படித்தான் பார்த்தார். மூன்று நாள் வைகாசி வெயிலில் கயிறு பிடித்து அளந்து, முகம் கருத்துப்போய், நாலாம் நாள் காலையில் தன் குருவின் முன்னால் வந்து நின்றார்.

குரு குயிலாத்தாள். கட்டடம் வகுக்கத் தெரிந்தவர், வெளியூரிலிருந்து வந்தவர். ராக்கியண்ணனைவிட ஆறு வயது சின்னவர். பதினைந்து வருஷம் கரண்டி பிடித்த கொத்தனார் ஒரு பெண்பிள்ளையிடம் பாடம் கேட்கிறாரே என்று ஊருக்குள் கேலி. “அங்க போய்ச் சுவரைத் தூக்கறியா, தூளியை ஆட்டறியா?” என்பார்கள். “ரெண்டும் கோணாம இருந்தாச் சரி” என்று சிரித்துவிட்டுப் போவார்.

அவர் அளந்து வந்தது ஒரு பேறுகால வீட்டுக்கான மனை.

மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊரில் வலி கண்டால், கணவாயைத் தாண்டி மாட்டுவண்டியில்தான் போக வேண்டும். போன வருஷம் ராக்கியண்ணனின் மனைவி பாவாயியும் அப்படித்தான் போனாள். வண்டி பாதி வழியில் நின்றது. திரும்பி வரும்போது மடி வெறுமையாக இருந்தது. இப்போது மறுபடியும் அவளுக்கு நாலாம் மாசம். ஐப்பசிக்குள் கூரை ஏறியாக வேண்டும். மறுநாள் காலையில் கால்கோள்.

“மனை எப்படிங்க அண்ணா?” என்று குயிலாத்தாள் கேட்டார்.

“அதை ஏன் கேக்கறீங்க அம்மணி! நம்ம ஊர் பூராவும் பாறை. அங்க மட்டும் உள்ளங்கையாட்டம் சமதளம். மண்ணு மெத்துனு இருக்குது. குழி தோண்டி, தோண்டின மண்ணையே போட்டு மூடினேன். குழி நிறைஞ்சு மண்ணு மிஞ்சுச்சு.”

மண் மிஞ்சினால் நல்ல மனை என்பது கொத்தனார்களின் கணக்கு.

“கல்லு?”

“வெளிய தேடவே வேண்டாம். அங்கயே கெடக்குது. உருண்டை உருண்டையா, கையில எடுத்தா உறுத்தாது.”

“மரம்?”

“மருது, புங்கன். அத்தனையிலும் கூடு! குஞ்சு பொரிக்கிற எடத்துல பேறுகால வீடு. இதைவிட என்ன சகுனம் வேணும்? இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க. நான் அளக்கையில எங்கிருந்தோ மணிச் சத்தம். பக்கத்துல கோயில் குளம் ஒண்ணும் கிடையாது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.”

குயிலாத்தாள் அவர் வரைந்து வந்த படத்தைப் பார்த்தார். முப்பது முழ நீளத்தில் ஒரே கூடம். ஆறு கட்டில். உத்தரத்தில் ஆறு தூளி.

“இதுக்கு மேல ஒரு மனையில பார்க்க என்ன இருக்குதுங்க, அம்மணி?” என்றார் ராக்கியண்ணன். கொஞ்சம் பெருமையாகத்தான் கேட்டார்.

குயிலாத்தாள் எழுந்தார். அளவுக் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஊர் மேட்டில் இருக்கிறது. மனை கீழே, மலையைப் பார்த்த மாதிரி. நாலு மூலையிலும் ராக்கியண்ணன் முளைக்குச்சி அடித்து வைத்திருந்தார். காற்று குளிர்ச்சியாக வந்தது.

“கூடு எத்தனைங்க?”

“எண்ணலை.”

“எண்ணுங்க.”

எண்ணினார். பதினாலு.

“எவ்வளவு உசரத்துல இருக்குது?”

ராக்கியண்ணன் முதல் மரத்தடியில் நின்று கையைத் தூக்கினார். விரல்நுனி கூட்டைத் தொட்டது. அடுத்த மரத்துக்குப் போனார். அங்கேயும் விரல்நுனி தொட்டது. மூன்றாவது மரம் நல்ல நெட்டை. மேலே எத்தனையோ கிளை இருந்தும், கூடு மட்டும் அதே உயரத்தில் இருந்தது. நாலாவது மரத்துக்கு அவர் மெதுவாகத்தான் நடந்தார்.

“எந்தப் பக்கமா கட்டியிருக்குது?”

“மலைப் பக்கம்.”

“எல்லாமா?”

ராக்கியண்ணன் சுற்றிப் பார்த்தார். “எல்லாமேதான்.”

“எந்தக் குருவிங்க?”

அவர் கிளைகளை அண்ணாந்து பார்த்தார். மூன்று நாளில் அந்த மரங்களில் ஒரு குருவியைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை.

“ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க.”

அடிமரத்தில் ஏறி, கூட்டுக்குள் கையை விட்டார். காய்ந்த கோரை. மூங்கில் இலை. ஏதோ வேர். எல்லாம் சேற்றில் குழைந்து, இறுகி, ஓடு போல உடைந்தது. உள்ளே பொந்தில் தொங்கிய ஏதோ விரலில் குளிர்ந்தது. இழுத்தார். ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டுகிற வெண்கல மணி. கழுத்து வார் முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. வாரில் கொஞ்சம் ரோமம்.

காற்றில் மணி அசைந்தது. மூன்று நாளாக அவர் கேட்ட அதே சத்தம்.

கையை உதறினார். மணி மணலில் விழுந்தது.

“இந்த ஊர்ல மலை உறுமும்னு சொல்றாங்களே,” என்றார் குயிலாத்தாள். “கடைசியா எப்பங்க?”

“நாலு வருசம் ஆச்சு. ஐப்பசியில.”

“அன்னைக்கு இந்த எடத்துல என்ன நடந்துச்சு?”

“யாருக்குங்க தெரியும்?”

அது உண்மைதான். மலை உறுமினால் அந்த ஊரில் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று நாள் மலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பார்த்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்று பேச்சு. மூன்று நாள் கழித்து வந்தால் வெறும் மணல், வெயிலில் உலர்ந்து, உள்ளங்கை மாதிரி சமமாகக் கிடக்கும்.

“நீங்க என்ன செஞ்சீங்கண்ணா?”

“நானும்தான் கதவைச் சாத்தினேன்” என்றார் ராக்கியண்ணன். “பாவாயி காதை என் கையாலயே பொத்தினேன்.”

குயிலாத்தாள் கயிற்றை நீட்டினார். “கூட்டோட அடிப்பக்கம் தொட்ட மாதிரி, மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டுங்க.”

கட்டினார். கயிறு எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. ரசமட்டம் வைத்த மாதிரி நின்றது.

“இப்ப உங்க கூடத்துல தூளி எங்க தொங்கும்?”

அவர் முளைக்குச்சிகளுக்கு நடுவே போய் நின்று, இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

“தரையை மேடு கட்டி உசத்துவீங்களே, அதையும் சேர்த்து.”

கையை உயர்த்தினார். நெஞ்சு வரைக்கும் வந்தது. அப்படியே மேலே பார்த்தார். கயிறு அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

கைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருந்த அந்த வெறும் இடம் முழுக்கத் தண்ணீராக அவருக்குத் தெரிந்தது. பிறகு குனிந்து, நாலு முளைக்குச்சியையும் பிடுங்கினார். 

ஊருக்குள் போய்ச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஊர்த்தலைவர் சாமியப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“கூட்டைப் பார்த்துப் பயந்த கொத்தனை இப்பத்தான்யா பார்க்கறேன். வெள்ளமாம்! பார்த்தது யாரு? ஒருத்தனைக் காட்டு.”

ராக்கியண்ணனால் ஒருவரையும் காட்ட முடியவில்லை.

“நாளைக்கு நீ வராட்டிப் போ. பக்கத்தூர்க் கொத்தன் வருவான். கால்கோள் நிக்காது.”

வீட்டில் பாவாயி ஒன்றுதான் கேட்டாள். “அப்ப மறுபடியும் கணவாய்தானுங்களா?”

 அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பிடுங்கிய இடத்திலெல்லாம் புதுக் குச்சி அடித்திருந்தார்கள். மஞ்சள், பூ, தேங்காய், புதுக் கொத்தனார், ஊர் ஜனம் முழுதும். ராக்கியண்ணன் தள்ளி நின்றார். ஊர் மேலே வானம் பளிச்சென்று இருந்தது. மலை உச்சி மட்டும் அடுப்புக்கரி மாதிரிக் கருத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியபோது மலை உறுமியது.

முதலில் காலடியில்தான் தெரிந்தது. அப்புறம்தான் காதுக்கு வந்தது. யாரோ ஒருத்தி வீறிட்டாள். பூத்தட்டு கவிழ்ந்தது. சாமியப்பன்தான் முதலில் ஓடினார். குழந்தைகளை இடுக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். ராக்கியண்ணனும் ஓடினார். யோசித்து ஓடவில்லை, கால் தானாக ஓடியது.

தாழ்ப்பாள்கள் விழ ஆரம்பித்தன. ஒரு வீடு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

பாவாயி வாசலில் நின்று கூப்பிட்டாள். “ஏனுங்க, வெரசா வாங்க! கதவைச் சாத்தணும்!”

படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

மேட்டின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் குயிலாத்தாள் நின்றிருந்தார். முகம் மலையைப் பார்த்து இருந்தது. கையில் அளவுக் கயிற்றுச் சுருள்.

ராக்கியண்ணன் கதவைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பாவாயியைப் பார்த்தார்.

படியிலிருந்து காலை எடுத்தார்.

பாறைமேல் ஏறுவதற்குள் இரண்டு தரம் சறுக்கினார். மேலே போய் நின்றதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். உறுமல் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆயிரம் வண்டி ஒரே தடத்தில் வருகிற மாதிரி. முதுகுக்குப் பின்னால் கடைசித் தாழ்ப்பாளும் விழுந்தது. ஆனால் அது அவர் வீட்டுத் தாழ்ப்பாள் இல்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அது மட்டும் வரவே இல்லை.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். பாவாயி.

“அம்மணி,” என்றார் ராக்கியண்ணன். கண்ணைத் திறக்கவில்லை. “பார்க்கப் பயமா இருக்குதுங்க.”

“எனக்கும்தாங்கண்ணா,” என்றார் குயிலாத்தாள். அவர் சுருளைப் பிரித்தார். “கயித்தோட இந்த நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. தண்ணி எந்த மட்டத்துக்கு வருதுன்னு அளக்கணும்.”