கற்பூரவல்லி மலையேறிய கதை

அந்தக் காலத்தில் செடிகளுக்கு வாயும் இருந்தது, காலும் இருந்தது. பொதிகை மலை அடிவாரத்தில் கற்பூரவல்லி ஒருத்தி இருந்தாள். ஓடைத் தண்ணீரைக் குடித்து, மர நிழலில் சாய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு இலை வளர்த்திருந்தாள். அந்த இலைகள்மேல் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. பக்கத்து நொச்சியிடம் நாள் முழுக்க அதே பேச்சுத்தான். நொச்சியும் பாவம், எவ்வளவுதான் கேட்பாள்!

ஒருநாள் மலை உச்சியிலிருந்து செம்பி என்ற வரையாடு மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

“தாயிமாரே, எம்பிள்ளைக்கு இருமல் நிக்கமாட்டேங்கு. பாறையில கால வச்சாலே இருமல் வந்து தள்ளுது. விழுந்துருவானோன்னு உசிரு பதறுது. இங்கேருந்து பச்சிலைய கவ்விக்கிட்டுப் போனா, மேல போறதுக்குள்ள வாடிப்போகு. யாராவது எங்கூட வந்து அங்கயே இருங்களேன்!”

மற்ற செடிகள் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டன. மேலே வெயில் சுடும், பனி கடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கற்பூரவல்லிக்குத்தான் சும்மா இருக்க முடியாதே.

“நான் வாரேன்க்கா. என் இலையப் பாத்தியா? ஒண்ணு தின்னா போதும், இருமல் இருந்த இடம் தெரியாது!”

சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஆனால் நொச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாளே! சேலையைத் தூக்கிப் பிடிப்பதுபோல வேரைத் தூக்கிக்கொண்டு செம்பியின் பின்னால் நடந்தாள்.

வழியிலேயே காற்று அடித்த அடியில் இலையெல்லாம் உதிர்ந்தது. மொட்டைத் தண்டாகத்தான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். “தளிர்க்கட்டும், காத்திருக்கேன்,” என்றாள் செம்பி.

பகலில் வெயில் சுளீரென்று அடித்தது. புதுத் தளிர் கருகாமலிருக்க, கற்பூரவல்லி அதற்குள்ளே ஒரு சொட்டு எண்ணெய் ஊறவைத்தாள். ராத்திரி பனி கடித்தது, இன்னொரு சொட்டு. பூச்சி கொறிக்க வந்தது. அதற்கும் ஒரு சொட்டு, நல்ல காரமாக. உயிரைப் பிடித்துக்கொள்ளவே தெம்பு சரியாகப் போனதால், இலை விரல் நகம் அளவிலேயே நின்றுவிட்டது. கற்பூரவல்லிக்கு அழுகை வந்தது. இதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது?

ஒரு காலையில் குட்டி பாறை விளிம்பில் நின்று இருமினான். கால் வழுக்கியது. செம்பி பாய்ந்து அவனைக் கவ்வி இழுத்துப் போட்டுவிட்டு, கற்பூரவல்லியிடம் ஓடி வந்தாள்.

“இலையத் தாட்டி!”

“இத்தனூண்டுதான்க்கா இருக்கு. ஒண்ணு போதுமான்னு தெரியல...”

“அப்ப எல்லாத்தையும் தா!”

அடிவாரத்து இலையைத் தின்கிற கணக்கில், வாய் கொள்ளப் பறித்துக் குட்டியின் வாயில் திணித்தாள். ஒரு கடிதான் கடித்தான். கண் பிதுங்கியது, காது விறைத்தது, மூக்கில் அருவி கொட்டியது. அடுத்து ஒரு தும்மல் போட்டானே பாருங்கள், இருமல் பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடியே போய்விட்டது! பாறைக்குப் பாறை தாவ ஆரம்பித்தவன் பொழுது சாயும்வரை நிற்கவில்லை. செம்பி சிரித்துக்கொண்டே அழுதாள்.

“அப்படி என்னத்தத்தான்ட்டி உள்ள வச்சிருக்க?”

“வெயிலையும் பனியையுந்தான் வச்சிருக்கேன். அடுத்த தடவ ஒரு கிள்ளு போதும்க்கா, பிள்ள பாவம்!” என்றாள் கற்பூரவல்லி. இலை சிறுத்தாலும் வாய் சிறுக்கவில்லை. உடனே அடிவாரத்தைப் பார்த்துக் கத்தினாள்: “ஏ நொச்சி, கேட்டியாட்டி!” குரலுக்கு முன்னால் வாசம் போய்ச் சேர்ந்து, நொச்சி அங்கே தும்மிக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் மலை ஏற ஏற மூலிகையின் இலை சிறுத்துக் காரம் கூடுகிறது. அடிவாரத்தில் கைப்பிடியாக அள்ளுகிறவர்களும் உச்சிக்குப் போனால் ஒரு கிள்ளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.