தண்ணீர் குடிக்கப் போன முற்போக்கு வட்டம்

நீர்மருதங்காட்டில் ஒரு முயல் இருந்தது. நாலு குட்டிகளுக்குத் தாய். காட்டுச் சபையில் உறுப்பினரும்கூட.

சபை குளக்கரையில் கூடும். மொத்தம் பதினேழு உறுப்பினர்கள். இவர்களுக்கு மேல், ஓட்டுரிமை இல்லாத நாரைதான் சபாநாயகர். ஆட்சியில் இருந்தது யானைக் கட்சி. அதில் பதின்மூன்று பேர். எதிர்க்கட்சி குரங்குகள்; நாலே நாலு பேர்.

யானைக் கட்சியில் எட்டுப் பேர் பெரிய இடம். யானை, காட்டெருமை, கடமான் என்று கொம்பும் தந்தமுமாக ஏழு பேர். எட்டாவது ஆள் கட்சிக் கொறடா நரி. மீதி ஐந்து பேருக்கு உடம்பு சிறிது, யோசனை பெரிது. முயல், மயில், கீரி, உடும்பு, முள்ளம்பன்றி. இந்த ஐவரும் மாலையானால் ஒரு கறையான் புற்றடியில் கூடுவார்கள். தங்களுக்கு ‘முற்போக்கு வட்டம்’ என்று பேரும் வைத்துக்கொண்டார்கள். வட்டத்துக்குத் தலைவர் கிடையாது. பதிவேடு கிடையாது. யாரும் யாரையும் கட்டுப்படுத்தவும் கூடாது.

“நாங்கள் தனிக் கட்சி இல்லை. கட்சியின் மனசாட்சி!” என்று மயில் சொல்லும்.

“மனசாட்சி கிடக்கட்டும். ஓட்டுப் போட ஆள் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்!” என்று நரி சிரிக்கும்.

அந்த வருஷம் கடும் கோடை. குளம் பாதியாகச் சுருங்கிவிட்டது. யானைக் கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. உச்சி வெயில் வரும் வரை கொம்பும் தந்தமும் உள்ளவர்கள் மட்டுமே குளத்தில் இறங்கலாம். மற்றவர்கள் அதற்குப் பிறகு. கொறடாவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முயலுக்குத் திக்கென்றது. யானைகள் புரண்டு எழுந்த பிறகு குளத்தில் சேறுதான் மிஞ்சும். உச்சி வெயிலில் வெட்டவெளியைக் கடந்தால் மேலே பருந்து. தண்ணீர் இல்லாவிட்டால் பால் சுரக்காது. பால் இல்லாவிட்டால் நாலு குட்டிகளும் என்ன ஆகும்?

புற்றடியில் ஐவரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: “எதிர்க்கிறோம்!”

கீரி கணக்குப் போட்டது. “நாம ஐந்து, குரங்குங்க நாலு. ஒன்பது. அவங்க எட்டு. ஜெயிச்சாச்சு!”

மறுநாள் சபை கூடியது. சபையின் வழக்கம் இது: பேச்செல்லாம் முடிந்ததும் நாரை அலகால் பாறையை மூன்று முறை தட்டும். மூன்றாவது தட்டில் வலப்பக்கம் நிற்பவர்கள் ஆதரவு. இடப்பக்கம் நிற்பவர்கள் எதிர்ப்பு. அங்கே இல்லாதவர்கள் கணக்கிலும் இல்லை.

“எங்கள் வட்டத்துக்குப் பேச நேரம் வேண்டும்!” என்றது மயில்.

“எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள் அண்ணாச்சி! உங்களைத் தடுக்க முடியுமா?” என்றது நரி.

ஐவரும் பேசினார்கள். என்ன பேச்சு! முள்ளம்பன்றி பேசியபோது குரங்குகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. மயில் பேசி முடிப்பதற்குள் காட்டெருமையின் கொம்பில் குளவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. கைதட்டல் அடங்கவே வெகு நேரம் ஆயிற்று.

நரி ஓடி வந்தது. “அடடா! இப்படி ஒரு பேச்சை இந்தக் காடு கேட்டதே இல்லை. தொண்டை வறண்டிருக்குமே? இந்தப் பக்கம் தண்ணீர் கலங்கல். அந்தக் கோடிக்குப் போங்கள், பளிங்கு மாதிரி இருக்கும். ஓட்டெடுப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.”

“போகலாமா?” என்று முயல் தயங்கியது.

“அவரவர் விருப்பம். நம்ம வட்டத்துல கட்டாயம் கிடையாதே!” என்றது உடும்பு. அதற்குத்தான் தாகம் அதிகம்.

ஐவரும் போனார்கள். வழியெல்லாம் யார் பேச்சு பிரமாதம் என்பதே பேச்சு. அவர்கள் குனிந்து முதல் வாய் உறிஞ்சும்போது, பின்னால் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

ஆதரவு எட்டு. எதிர்ப்பு நாலு. தண்ணீர் சட்டம் நிறைவேறியது.

பத்தே நாளில் முயலின் கடைக்குட்டி செத்துப்போனது.

அன்று மாலை முயல் புற்றடிக்கு வந்தது. மயில் வரவில்லை. நரி அதைக் காட்டின் அலங்கார மந்திரி ஆக்கிவிட்டிருந்தது.

“சட்டத்தை ரத்து செய்யத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். அடுத்த சபையில் வருகிறது,” என்றது முயல்.

“மயிலு அந்தப் பக்கம் போயிடுச்சே அக்கா! இப்போ நாம எட்டு, அவங்க ஒன்பது,” என்றது கீரி.

“தெரியும். அதனால் நமக்கு ஒரு விதி வேண்டும்.”

“விதியா? நம்ம வட்டத்துலயா?” உடும்பு பதறியது.

“ஒரே ஒரு விதி. நாலு பேரும் பேச்சாளர் பட்டியலில் பேர் கொடுப்போம். ஆனால் யாரும் பேசக் கூடாது. மூன்றாவது தட்டு வரை யாரும் நகரவும் கூடாது.”

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. “பேசக் கூடாதா! அப்புறம் எதுக்குச் சபைக்குப் போறது?”

“போன தடவை பேசினோமே. என் குட்டிக்கு ஒரு வாய்த் தண்ணீர் வந்ததா?”

முள்ளம்பன்றியே முள்ளைத் தாழ்த்திக்கொண்டு, “சரிக்கா,” என்றது.

சபை நாள். நரி பேச்சாளர் பட்டியலைப் பார்த்தது. முயல், கீரி, உடும்பு, முள்ளம்பன்றி. பார்த்ததுமே கொட்டாவி வந்தது.

“இன்றைக்கும் அதே கச்சேரிதான்!” என்று பெரியவர்களிடம் சொன்னது. “போய்ச் சேற்றில் கிடந்துவிட்டு வாருங்கள். ஓட்டுக்கு முன்னால் நான் வந்து கூப்பிடுகிறேன்.”

ஏழு பேரும் எழுந்து போனார்கள்.

நாரை முதல் பேரை வாசித்தது. “மாண்புமிகு முயல்!”

“எனக்குப் பேச ஒன்றுமில்லை.”

“மாண்புமிகு கீரி!”

“எனக்கும் இல்லை.”

உடும்பு தலையை மட்டும் ஆட்டியது. முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. கீரி அதன் காலை மிதித்தது. முள்ளம்பன்றி வாயை மூடிக்கொண்டது.

“ஓட்டெடுப்பு!” என்றது முயல்.

நரிக்கு வால் நட்டுக்கொண்டது. சேற்றுக்கு ஓடியது. யானையின் வாலைப் பிடித்து இழுத்தது. “தலைவரே! எழுந்திருங்கள், ஓட்டு!”

யானை ஒரு கண்ணைத் திறந்தது. “உடும்பு பேசி முடிச்சாச்சா?”

“இன்றைக்கு யாருமே பேசவில்லை!”

“இன்னும் யாருமே பேசலையா? அப்போ நிறைய நேரம் இருக்கு,” என்று யானை கண்ணை மூடிக்கொண்டது.

சபையில் மயில் தோகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. “மந்திரி என்ற முறையில் ஒரு வார்த்தை...”

“ஓட்டெடுப்பு தொடங்கியாயிற்று. உட்காருங்கள்!” என்றது நாரை.

டொக். நாலு பேரும் அசையவில்லை. டொக். குரங்குகள் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றன. டொக்.

சட்டத்தை நீக்க எட்டு. நீக்கக் கூடாது என்று ஒன்று. அந்த ஒன்று மயில்.

மறுநாள் விடியும் நேரத்தில் முயல் குளத்தில் இறங்கியது. யானையும் வந்தது.

“நேத்து ரொம்ப நல்லாப் பேசியிருப்பீங்களே! கேக்க முடியாமப் போச்சு,” என்றது யானை.

முயல் குனிந்து தண்ணீரில் வாய் வைத்தது. வயிறு நிறையக் குடித்துவிட்டு, மிச்சமிருந்த மூன்று குட்டிகளிடம் ஓடியது.

நியாயத்தை அழகாகப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். எண்ணுகிற நேரத்தில் அதன் பக்கம் நின்றால்தான் நியாயம் கிடைக்கும்.