படியைப் பற்றிப் புகார் இல்லை

இந்தக் கதையில் ஒளித்து வைத்தது எதுவுமில்லை. எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. செண்பகவல்லிக்கே அது கண்ணில் பட நாலு வருஷம் ஆயிற்று என்பதால், நீங்கள் நாலு நிமிஷம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி. அங்கே முதியோர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. ஊரில் வயதானவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுப் பேரூராட்சிக்குப் பரிந்துரை செய்வது அதன் வேலை. மாதாமாதம் அலுவலகத்து மாடியில் கூடும். மாடிக்கு இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. மாதம் ஒருமுறை மருத்துவர் வந்து முதியோரைப் பார்ப்பதும் அதே மாடியில்தான். கீழ் அறையில் உடைந்த தெருவிளக்குகள் சொகுசாகக் குடியிருந்தன. இந்த ஏற்பாட்டை யோசித்த மகராசன் யாரென்று தெரிந்தால் செண்பகவல்லி நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

அவள்தான் குழுவின் செயலாளர். முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, யார் வாசல் வரை வருவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். அறுபத்திரண்டு வயதிலும் படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்காது.

தலைவர் ஆறுமுகநயினார் டிரில் மாஸ்டராக இருந்தவர், எழுபத்தாறு வயது. பதினொரு மணிக் கூட்டத்துக்கு அவள் பத்தேகாலுக்குப் போனாலும் அவர் முன்னமே நெஞ்சை நிமிர்த்தி நாற்காலியில் இருப்பார். கூட்டம் முடிந்தால், சன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று எல்லாரையும் முதலில் அனுப்பிவிடுவார். இடையில் மற்றவர்கள் எதிர்க்கடைக்கு டீ குடிக்க இறங்கும்போது, தனக்கு டீ ஆகாது என்று இருந்துவிடுவார். வெயிலோ மழையோ, கையில் ஒரு நீளக் குடை. அது விரிந்து யாரும் பார்த்ததில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. குறையுள்ளவர் நேரில் வந்து, குழு முன்னால் சொல்லி, பதிவேட்டில் தானே கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தவர் குறையை யாரும் எழுதக் கூடாது. பதிவேடு மாடியை விட்டு இறங்கக் கூடாது. முன்பு ஒரு மகன், அப்பாவுக்கு என்று சொல்லி வாசலில் சாய்தளம் கேட்டு வாங்கி, அதில் தன் பைக்கை ஏற்றி நிறுத்தினான். அந்த எரிச்சலில் போட்ட விதி அது.

மேலத்தெரு பேச்சியம்மாளுக்கு எண்பது வயது, சர்க்கரை வியாதி. கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. மாடிப்படி ஏற முடியாமல் ஐந்து மாதமாக அவள் மருத்துவரிடம் போகவில்லை. நாற்காலியோடு தூக்கிப் போகலாம் என்று செண்பகவல்லி சொன்னதற்கு, கடைசியில் நாலு பேர் தூக்கினால் போதும், இப்போதே எதற்கு என்று மறுத்துவிட்டாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"ஏட்டி, பேச்சி வரலன்னு எழுதிராத. வர முடியலன்னு எழுது."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. விதியோ எழுத விடாது. கூட்டத்துக்கு முந்தின மாலை செண்பகவல்லி தலைவர் வீட்டுக்கே போய் மன்றாடினாள். இரண்டாவது தம்ளர் டீயை ரசித்துக் குடித்தபடி, ஒருத்திக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு ஊரே வரும் என்றார் அவர்.

மறுநாள் மூன்று மனுக்கள் வந்தன. ஒருவர் பூங்காவில் நடைபாதை கேட்டார். ஒருவர் பந்து விளையாட வலை கேட்டார். இன்னொருவர் குற்றாலத்துக்கு ஒரு சுற்றுலா. மூவரும் படியைத் தாவி ஏறி வந்தவர்கள். செண்பகவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து, மருத்துவரைக் கீழ் அறைக்கு மாற்றச் சொன்னாள்.

"நாலு வருசப் பதிவேட்டப் புரட்டிப் பாரும்மா. படியப் பத்தி ஒரு வரி இருக்கா?" என்றார் தலைவர்.

"ஏற முடியாதவங்க ஏறி வந்து எப்படி சார் எழுதுவாங்க?"

"அப்ப நீ எழுதேன். ஒனக்கு முட்டி வலிக்கா?"

வலிக்கவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. வழக்கம்போல டீ குடிக்க மற்றவர்கள் இறங்கினார்கள், அவளும் போனாள். பாதி டீயில் அவளுக்கு ஏதோ உறைத்தது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு மேலே போனாள். மற்றவர்களும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், பதிவேட்டைத் திறந்து, பேனாவோடு ஒருவர் முன்னால் வைத்தாள். அந்த ஆள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குழு முன்னால் குறையைச் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பேச்சியம்மாள் படியேறவில்லை, பதிவேடும் இறங்கவில்லை, விதியை யாரும் மீறவில்லை. ஆனாலும் படியைப் பற்றி ஒரு புகார் பதிவாயிற்று. தாவி ஏறிய மூவரில் ஒருவரா, டீ குடித்துத் திரும்பிய உறுப்பினரா, செண்பகவல்லியேதானா, தலைவரா? அந்தக் கையெழுத்து யாருடையது? எதை வைத்து அவரைக் கண்டுகொண்டாள்?

விடை: தலைவருடையது. டீ ஆகாதவர் வீட்டில் இரண்டு தம்ளர் குடித்தார் என்றால், ஆகாதது டீ இல்லை, இறங்கி ஏறுவதுதான். யாரும் பார்க்காமல் ஏற முதலில் வந்தார், யாரும் பார்க்காமல் இறங்கக் கடைசியில் போனார், விரியாத குடை ஊன்றுகோல். ஊருக்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவருக்கு முட்டி வலி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வீம்புக்குப் பேச்சியம்மாளின் கால் ஐந்து மாதம் காத்திருந்தது. அடுத்த மாதம் மருத்துவர் கீழ் அறையில் உட்கார்ந்தார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி மருந்து கட்டினார். கட்டோடு திரும்பிய பேச்சியம்மாள், வரிசையில் தனக்கு அடுத்து நின்ற குடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சார், முட்டியா?" என்றாள். "ஆமாம்மா, ரொம்ப நாளா" என்றார் ஆறுமுகநயினார்.