பானைக்கு மேல் தொங்கிய உஷ்ணமானி

வெள்ளைக்காரக் கம்பெனியின் உப்பளம் ஒன்றில் சேதுராயன் என்று ஒரு மேனேஜர் இருந்தான். மனுஷனா அவன்! உஷ்ணமானி நூறு டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. அவனோ அதைத் தன் அறைக்குள், நனைத்த வெட்டிவேர்த் தட்டிக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்கு மேல் மாட்டிவைத்தான். அது எண்பத்திரண்டைத் தாண்டவே இல்லை.

சித்திரை வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்த வள்ளிமயில் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள்.

"எண்பத்திரண்டுதான் காட்டுது. நடிக்கிறா, எழுப்பி விடு!" என்றான் மேனேஜர்.

அவள் எழுந்திருக்கவே இல்லை.

மறுவாரம் தமிழ் தெரிந்த கம்பெனித் துரை மேற்பார்வைக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து மேனேஜருக்குக் குளிர்காய்ச்சல். "டாக்டரைக் கூப்பிடுங்க, உடம்பு கொதிக்குது" என்று தன் அறையிலேயே கம்பளிக்குள் முனகினான். பானையில் தண்ணீர் ஊற்ற வந்த சந்தனமாரி, வள்ளிமயிலின் தங்கை, உஷ்ணமானியை ஆணியிலிருந்து கழற்றித் துரையிடம் நீட்டினாள்.

"எண்பத்திரண்டுதான் காட்டுது, துரை. ஐயா நடிக்கிறாரு, எழுப்பி விடுங்க."

மேனேஜர் துள்ளி எழுந்தான். "அறிவுகெட்டவளே! பானை மேல தொங்குனதை வச்சு என் உடம்புச் சூட்டை எப்படிடி அளப்ப?"

"அதைத்தான்யா நானும் கேக்கேன். எங்க அக்கா வெந்து செத்த சூட்டை இதை வச்சு எப்படி அளந்தீங்க?"

துரை வெட்டிவேர்த் தட்டியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

அன்றைக்கே பாத்தி வரப்பில் கம்பம் நட்டு உஷ்ணமானியை மாட்டினார்கள். ஆணி அடித்தவள் சந்தனமாரி. ஆணி முழுக்க இறங்கிய பிறகும் அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.